எழுபதாவது அகப்பை

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. நகராட்சி சுகாதாரப் பிரிவின் படிவம். குழி எண், தேதி, போட்ட மருந்தின் அளவு, புழுக்கள் எத்தனை, கூட்டுப்புழுக்கள் எத்தனை. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். இரண்டு வரி கொள்ளும். பதினாறு நாள் அதில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். பதினேழாம் நாள் எழுத வேண்டியது இரண்டு வரியில் அடங்கவில்லை. அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

என்ன பிரச்சினை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் திறமை எனக்கில்லை.

தாங்கா கடற்கரையில் எங்கள் ஊர் மாவேனி. அங்கே ஹிதாயா அக்காவுக்கு ஒரு கீரைத் தோட்டம். தோட்டத்தில் ஏழு குழிகள். நீர் தானாக ஊறும், முழங்கால் ஆழம். பூவாளியை முக்கி எடுத்துக் கீரைக்கு ஊற்றுவார். அந்த நீரில் கொசு முட்டையிட்டது. இரண்டு மழைக்காலமாக அந்தத் தெருவில் காய்ச்சல். நகராட்சி குழிகளில் ரசாயன மருந்து ஊற்றுகிறேன் என்றது. அந்த நீரில் வளர்ந்த கீரையை மாவேனியில் ஆடுகூட வாங்காது என்றார் அக்கா. அப்படியானால் குழிகளை மண் போட்டு மூடுகிறேன் என்றது நகராட்சி. குழி போனால் தோட்டம் போகும். அக்காவுக்குப் போக வேறு இடமில்லை.

இடையில் நான் புகுந்தேன். உயிரியல் படித்தவன். நகராட்சியில் தினக்கூலிக்குக் கொசுப்புழு எண்ணுபவன். வேப்பங்கொட்டைத் தூள் போட்டுப் பார்க்கலாம் என்றேன். நாற்பது நாள் கொடுத்தார்கள். நாற்பதாம் நாள் குழிக்குப் பத்து அகப்பை, மொத்தம் எழுபது அகப்பை நீர் எடுத்துப் பார்ப்பார்கள். கூட்டுப்புழு பத்துக்கு மேல் போனால் மண் லாரி வரும்.

கதை இவ்வளவுதான். மீதி, நான் இதை எழுதத் திண்டாடியது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிக் கைவிட்டேன். அடித்ததை மறைக்கவில்லை.

முதலாவது: "வேப்பம்பூவின் மணத்தைச் சுமந்து வந்த கடற்காற்று மாவேனியின் தெருக்களில்..."

[அந்த மாதத்தில் பூ இல்லை. பழம் உதிரும் காலம். வௌவால் துப்பிய கொட்டைகள்தான் தெருவெல்லாம்.]

இரண்டாவது: "என் மனைவி ஸுவேனாவை மலேரியா கொண்டுபோன அன்றே நான் கொசுக்களுக்கு எதிராக..."

[பொய். ஸுவேனா குடல்வால் வெடித்து இறந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை. கொசுவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மலேரியா என்றால் கதை அழகாக உட்காரும். ஒரு படி முழுவதும் அப்படித்தான் எழுதினேன். அதில் நான் அழ வேண்டிய இடத்தில் நன்றாக அழுதிருந்தேன். அது நானில்லை. நான் அழவில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போய்விட்டேன்.]

மூன்றாவது: "கொசு என்பது ஈரிறக்கைப் பூச்சியினத்தைச் சேர்ந்த ஒரு சிறிய..."

[பள்ளிக் கட்டுரை. ஸுவேனா ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். அவளே இதற்குப் பத்துக்கு மூன்றுக்கு மேல் போட்டிருக்க மாட்டாள்.]

ஆகவே படிவத்திலிருந்து தொடங்கினேன்.

3

எங்கள் மொழியில் வேப்பமரத்துக்குப் பெயர் முவாரோபைனி. நாற்பதின் மரம். நாற்பது நோய்களைத் தீர்க்கும் என்பதால் அந்தப் பெயர். எந்த நாற்பது என்று யாரையாவது கேளுங்கள். பதினைந்து வரை தயங்காமல் சொல்வார்கள். பிறகு முதலிலிருந்து தொடங்குவார்கள்.

சுகாதார அதிகாரி முங்கா என்னிடம் கேட்டார்.

"என்ன மரம்னு சொன்னீங்க?"

"முவாரோபைனி, சார்."

"அப்ப நாப்பது நாள். மரமே சொல்லிருச்சு, நான் என்ன சொல்ல. நாப்பத்தொண்ணாவது நாள் லாரி."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். சிரித்து முடித்து அதையே ஆணையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திருடனுக்கும் நாற்பது நாள்தான் என்று எங்கள் ஊரில் ஒரு பழமொழி. நாற்பதாவது நாள் பிடிபடுவான். இறந்தவருக்கும் நாற்பதாம் நாள் வீட்டில் கூடி ஓதுவார்கள். (ஒரே கதையில் இத்தனை நாற்பது இருந்தால் எந்தப் பதிப்பாசிரியரும் இரண்டை வெட்டச் சொல்வார். நான் வைத்ததில்லை. மொழி வைத்தது.)

ஸுவேனாவின் நாற்பதாம் நாளன்று நான் ரயிலடி வாய்க்காலில் புழு எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு. எண்ணி முடித்து வீட்டுக்குப் போனபோது ஓதி முடித்து எல்லோரும் போயிருந்தார்கள். சமையலறையில் பாத்திரங்கள் இருந்தன. அவற்றைப் பற்றிப் பிறகு.

* தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொசுப்புழுவுக்கு எங்கள் மொழியில் விலுவிலுவி. சொல்லே நெளியும். ஸுவேனா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். இப்போது ஊரே கூப்பிடுகிறது. விலுவிலுவி நான்கு முறை தோலுரித்துக் கூட்டுப்புழு ஆகும். கூட்டுப்புழு தலை பெருத்து வால் சுருண்டு இருக்கும். அச்சடித்த காற்புள்ளி போல. அது வெடித்தால் கொசு. வேப்பங்கொட்டை புழுவை உடனே கொல்லாது. தோலுரிக்க விடாது, அவ்வளவுதான். புழு சாகாமலும் வளராமலும் அப்படியே நெளிந்துகொண்டிருக்கும், பிறகு ஓயும். அதனால்தான் நாங்கள் காற்புள்ளிகளை எண்ணுகிறோம்.

* சாகாமலும் வளராமலும் இருப்பதை என்னைப் பற்றிய உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மாமியார் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார். போதும்.

4

எனக்கு ஹிதாயா அக்கா மீது சந்தேகம். நிஜ அக்கா மீதல்ல, கதையில் வரும் அக்கா மீது. ஆடுகூட வாங்காது என்று அவர் சொன்னது நிஜம். ஆனால் எழுத்தில் வந்ததும் யாரோ கூத்தில் பேசுவது போல் இருந்தது. ஆகவே இதுவரை எழுதியதை எடுத்துப்போய் அவரிடமே படித்துக் காட்டினேன். களை பிடுங்கிக்கொண்டே கேட்டார். இடுப்பில் கட்டியிருந்த காங்காத் துணியில் ஒரு வாசகம் அச்சடித்திருந்தது: 'பேசு, எனக்கென்ன.'

"எனக்குப் போக எடமில்லன்னா எழுதிருக்க?"

"இல்லையே அக்கா."

"எடமில்லங்கிறது வேற. அத ஊருக்குப் படிச்சுக் காட்டுறது வேறடா. போக மனசில்லன்னு எழுது."

எழுதுகிறேன்: அக்காவுக்குப் போக மனமில்லை.

"என் வயசு எங்க?"

"வயசு எழுதவே இல்லையே."

"எழுதல. ஆனா கேக்கும்போது கெழவி மாதிரி இருக்கு. நாப்பத்திரெண்டுன்னு போடு. ரெண்டு புருஷன வெரட்டினவன்னும் போடு."

"ரெண்டாவது ஆள் தானாத்தான் போனார்னு சொல்றாங்க."

"போன வேகத்தப் பாத்தவங்களுக்குத் தெரியும், தானாப் போனாரா, யாரு வெரட்டினதுன்னு."

களையை என் காலடியில் போட்டார்.

"உன்னப் பத்தி ஒண்ணுமே இல்லையே இதுல. நீ என்ன, கம்பமா?"

அதற்கு இங்கே ஒரு வரி காலியாக விடுகிறேன்.

5

தூள் செய்யும் விதம். பள்ளிவாசல் மரத்தடியில் உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்க வேண்டும். கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் வீரியம் போய்விடும். ஓட்டை நீக்கிப் பருப்பை உரலில் இடிக்க வேண்டும். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மாற்றி மாற்றி உலக்கை. தூள் பறந்து உதட்டில் ஒட்டும். ஸுவேனா போன எட்டு மாதமாக எனக்குச் சோறும் சாம்பலும் ஒன்றாகத்தான் இருந்தன. அந்தக் கசப்பு மட்டும் தெரிந்தது.

முதல் நாள் எழுபது அகப்பைக்கு அறுபத்து நான்கு கூட்டுப்புழு. பத்தாம் நாள் ஒன்பது. பதினான்காம் நாள் மூன்று. அக்கா மூன்றையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பார்த்து, "இதுங்க ஊர விட்டுப் போக வழி தெரியாம நிக்குதுங்க" என்றார்.

பதினேழாம் நாள் முப்பத்தொன்று.

மீண்டும் எண்ணினேன். முப்பத்தொன்று. எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்றாம் குழிகளில். தெருவோரக் குழிகள். வேலியோரம் இருந்த மற்ற நான்கிலும் ஒன்றுகூட இல்லை. ஒரே தூள், ஒரே அளவு, ஒரே கை. மூட்டையை நிறுத்துப் பார்த்தேன், குறையவில்லை. வெயில் எல்லாக் குழிக்கும் ஒரே வெயில். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தெருவோரக் குழிகளைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

முங்கா படிவத்தைப் பார்த்தார்.

"நாப்பது நோய்ல கொசு சேராது போல."

"இன்னும் இருபத்திமூணு நாள் இருக்கு சார்."

"எனக்கும் தோட்டத்த மூட ஆசையில்ல. அந்தக் கீரையத்தான் என் வீட்லயும் திங்கிறோம். ஆனா அந்தத் தெருவுல போன மாசம் ஏழு பிள்ளைங்களுக்குக் காய்ச்சல். நான் என்ன செய்ய?"

அவர் கெட்டவராக இருந்தால் எழுத எளிதாக இருந்திருக்கும்.

6

மறுநாள் காலைத் தொழுகை முடிந்ததும் தோட்டத்து வாழைப்புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. எதற்காகக் காத்திருக்கிறேன் என்று தெரியாது. எருமைகூடக் காரணமாக இருக்கலாம் என்று நினைத்தேன். (மாவேனியில் எருமை கிடையாது. அன்று என் யோசனை அந்த நிலையில் இருந்தது.)

பணியாரம் சுட்டு விற்கும் சௌமு அக்கா வந்தார். தலையில் ஒரு நிறைந்த வாளி, கையில் ஒரு காலி வாளி. காலி வாளியை முதல் குழியில் முக்கி எடுத்துக் கரையில் வைத்தார். பிறகு தலையிலிருந்த வாளியை இறக்கி ஒரு சொட்டு சிந்தாமல் குழிக்குள் ஊற்றினார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர். ஒவ்வொருவரிடமும் ஒரு நிறைந்த வாளி, ஒரு காலி வாளி. வரிசையில் நின்றார்கள்.

எழுந்து போனேன்.

"என்னக்கா பண்றீங்க?"

சௌமு அக்கா திடுக்கிடவில்லை. "அட, விலுவிலுவி! வாழைக்குள்ள என்ன பண்ற? வயிறு சரியில்லையா?"

"நீங்க என்ன பண்றீங்கன்னு கேட்டேன்."

"தண்ணி எடுக்குறேன்."

"ஊத்தினீங்களே, அது?"

"எடுத்தா வைக்க வேணாமா? குழாய்த் தண்ணி தம்பி. சுத்தமானது. நீ சந்தேகப்படாத."

"எதுக்கு எடுக்குறீங்க?"

"எதுக்கா? முவாரோபைனித் தண்ணி! நீயே இடிச்சு, சலிச்சு, ஏழு குழி நெறைய ஊறவெச்சிருக்க. என் மகளுக்கு உடம்பெல்லாம் சொறி. மூணு நாள் குளிப்பாட்டினேன். இப்ப பட்டு மாதிரி இருக்கா."

வரிசையிலிருந்து குரல்கள் வந்தன.

"எனக்கு முதுகு அரிப்பு."

"என் வீட்ல பேன்."

"எனக்கு ஒண்ணுமில்ல. எல்லாரும் வந்தாங்க, நானும் வந்தேன்."

"யாரும் குடிக்கலையே?" என்று கேட்டேன். "குடிக்கக் கூடாது."

"அத வாய்ல வைக்க முடியுமா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். சைக்கிள் கடை ஹாஜி மட்டும் தரையைப் பார்த்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா நீ கூடாதும்ப. கூடாதுன்ன பிறகு எடுத்தா அது திருட்டு. கேக்காம எடுத்து, எடுத்த எடத்துல திருப்பி வெச்சா அது அக்கம்பக்கம்."

திருடனுக்கு நாற்பது நாள் என்கிறார்கள். இவர்கள் பதினெட்டாம் நாளே பிடிபட்டார்கள், பிடிபட்டது தாங்கள்தான் என்று தெரியாமலே நின்றார்கள். எங்கள் ஊரில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்புவதில்லை. அந்த மரியாதையைக் குழிக்கும் செய்திருந்தார்கள். தினமும் வாளி வாளியாக மருந்து போனது, வாளி வாளியாக நல்ல நீர் வந்தது. கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது.

எனக்குக் கோபம் வந்தது. அதுவும் எட்டு மாதத்தில் முதல் முறை.

"இப்படி ஊத்தி ஊத்தி மருந்தெல்லாம் போச்சு. லாரி வரப் போகுது. இதுக்கு நீங்க காலி வாளியோட வந்து எடுத்துட்டுப் போயிருந்தாக்கூட நல்லாருக்கும்!"

சிரிப்பு நின்றது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

"காலியாவா?" என்றார் சௌமு அக்கா. "எங்கள யாருன்னு நெனச்ச? காலியாத் தர்றதும் தராமலே வெச்சுக்கிறதும் எங்க வழக்கமில்ல தம்பி. என் கிண்ணம் எட்டு மாசமா உன் வீட்டுல கெடக்கு. நான் ஒரு நாள் கேட்டிருப்பேனா?"

7

பாத்திரங்கள்.

மொத்தம் பதினான்கு. ரோஜாப்பூ போட்ட எனாமல் கிண்ணங்கள் ஐந்து. மூடியுள்ள அலுமினியச் சட்டிகள் மூன்று. ஹாட்பேக் இரண்டு. பிளாஸ்டிக் தட்டுகள் மூன்று. நீல எனாமல் கிண்ணம் ஒன்று. ஸுவேனா இறந்த வீட்டுக்கும், நாற்பதாம் நாளுக்கும், அண்டை அயலார் சோறும் மீனும் போட்டுக் கொண்டுவந்தவை. கழுவி அடுக்கி வைத்திருந்தேன்.

திருப்பித் தர நினைக்காமல் இல்லை. காலியாகத் தர முடியாது. எனக்குச் சமைக்கத் தெரியாது. ஸுவேனா இருந்தபோது எந்தக் கிண்ணமும் வெறுமனே போனதில்லை. இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு பிடி சர்க்கரை, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை உப்பு. முதல் வாரம் எலுமிச்சம்பழம் வாங்க மறந்தேன். ஒரு மாதம் போனதும் எலுமிச்சம்பழம் போதாது என்று தோன்றியது. எட்டு மாதத்துக்கு ஒரு அண்டா புலாவாவது வேண்டும். இப்படியே கிண்ணங்கள் கனத்துக்கொண்டு போயின.

[இங்கே ஸுவேனா கனவில் வந்து வழி சொல்வதாக எழுதலாம். அவள் வரவில்லை. உயிரோடு இருந்தபோதும் விடை சொல்கிறவள் இல்லை. "போட்டுப் பாரு. தப்பா வந்தா அடிச்சுட்டு மறுபடி போடு" என்பாள். சொன்னது கணக்கைப் பற்றி.]

கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்குள் ஓர்...

[எனக்குள் ஒன்றும் இல்லை. தூள் மூட்டையும் கிண்ணங்களும் ஒரே மூலையில் இருந்தன. அவ்வளவுதான்.]

ஒவ்வொரு பாத்திரத்திலும் வேப்பங்கொட்டைத் தூளைத் தலைதட்டி நிரப்பினேன்.

8

முதலில் சௌமு அக்கா வீடு. பணியாரக் கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். கிண்ணத்தைத் திறந்து பார்த்தார். மோந்தார்.

"எட்டு மாசம் கழிச்சு இதா?"

"இதுதான் இருந்துச்சு."

"உன் பொண்டாட்டியா இருந்தா எலுமிச்சம்பழம் வெச்சிருப்பா."

"ஆமா."

"ரெண்டு. அதுலயும் ஒண்ணு பெருசா, ஒண்ணு சின்னதா இருக்கும். கணக்கு டீச்சருக்குச் சமமாப் பொறுக்கத் தெரியாது."

எட்டு மாதத்தில் யாரும் குரலைத் தாழ்த்தாமல் அவளைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு பணியாரத்தை எடுத்து என் கையில் வைத்தார். சுட்டது. இனித்தது. இரண்டும் தெரிந்தது.

சொல்ல வந்ததைச் சொன்னேன். "தண்ணி எடுங்கக்கா, வேணாங்கல. ஆனா ஊத்துற வாளியில இதுல ஒரு பிடி கலந்து ஊத்துங்க. தீந்துச்சுன்னா கொட்டை பொறுக்கி இடிச்சுக்கலாம்."

"எத்தன பிடி?"

"ஒரு பிடி."

"யாரு பிடி? என் பிடியா, என் புருஷன் பிடியா? அந்தாளு கை மம்மட்டி மாதிரி."

"உங்க பிடி போதும்."

"அப்படிச் சொல்லு. எடுத்தா வைக்கணும், வெச்சா கசப்பா வைக்கணும். இத மொதல்லயே சொல்லிருந்தா வாழைக்குள்ள குத்த வெச்சிருக்க வேணாம்."

பதிமூன்று வீடு ஏறி இறங்கினேன். சைக்கிள் கடை ஹாஜி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, குடித்தால் எந்த நோய்க்கு ஆகாது என்று மெதுவாகக் கேட்டார். நாற்பதுக்கும் ஆகாது என்றேன்.

மீந்தது நீலக் கிண்ணம். உள்ளே வெள்ளை, விளிம்பில் ஓர் இடத்தில் எனாமல் பெயர்ந்தது. எல்லா வீட்டிலும் கேட்டேன். என்னுடையதில்லை, ஆனால் அழகாக இருக்கிறது என்றார்கள்.

அடுத்த வாரம் மாவேனியில் காலையில் எந்தப் பக்கம் போனாலும் உலக்கைச் சத்தம். இருபத்திரண்டாம் நாள் இருபத்து நான்கு. இருபத்தெட்டாம் நாள் பதினாறு. முப்பத்தாறாம் நாள் பதினொன்று. இறங்கியது, ஆனால் சோம்பலாக இறங்கியது. கீரையில் புழு அரித்த ஓட்டைகளும் குறைந்திருந்தன. அதை அக்காதான் கண்டுபிடித்தார்.

"நேத்து ஒருத்தி கீரை கசக்குதுன்னா. அப்ப உனக்கு நாப்பது நோய்ல ஒண்ணு கொறைஞ்சுதுன்னேன். இன்னும் ரெண்டு கட்டு வாங்கிட்டுப் போறா."

"நிஜமாவே கசக்குதா?"

"ஒண்ணும் கசக்கல. காதால திங்கிற கூட்டம்."

9

நாற்பதாம் நாள். இதற்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ. பத்தைத் தாண்டவில்லை. லாரி ஓட்டுநர் சௌமு அக்காவின் பணியாரம் எட்டைத் தின்றுவிட்டு, கொண்டுவந்த மண்ணோடு திரும்பிப் போகிறார்.

ஆ. தாண்டிவிட்டது. லாரி பின்னோக்கி வருகிறது. ஹிதாயா அக்கா முதல் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறார். (படித்துக் காட்டினேன். "நான் எதுக்குடா சேத்துல உக்காரணும்? லாரிச் சாவிய எடுத்து இடுப்புல சொருகிக்குவேன். வந்து எடுக்கச் சொல்லு பாப்போம்" என்றார்.)

இ. முங்கா வழுக்கிக் குழிக்குள் விழுகிறார். ஊர் முழுவதும் இந்த முடிவைத்தான் கேட்கிறது. முங்காவிடமே காட்டினேன். "வழுக்கலாம். ஆனா பூட்ஸ் புதுசுன்னு எழுதாதீங்க, வீட்ல சொல்லல" என்றார்.

நடந்ததை எழுதுகிறேன். பதிமூன்று வீட்டாரும் வந்திருந்தார்கள். தெருவில் லாரி ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றது. ஓட்டுநர் உண்மையிலேயே பணியாரம் தின்றுகொண்டிருந்தார். முங்கா அகப்பையைக் கொண்டுவந்தார். நீரை ஊற்றிப் பார்க்கும் வெள்ளைத் தட்டு, வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து எங்கோ விழுந்துவிட்டது. யாரிடமாவது வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கூட்டத்தில் யாருடையது என்று விசாரிக்க நீலக் கிண்ணத்தை எடுத்துப் போயிருந்தேன். உள்ளே வெள்ளை. கொடுத்தேன்.

ஏழாம் குழியிலிருந்து தொடங்கினார். ஏழு, ஆறு, ஐந்து, நான்கு முடிந்தபோது கூட்டுப்புழு இரண்டு. மூன்றாம் குழியில் இரண்டு. இரண்டாம் குழியில் மூன்று. ஊரே சத்தமாக எண்ணியது. ஐந்தாம் வகுப்பு போல. முதல் குழியில் ஒன்பது அகப்பை எடுத்தபோது இன்னும் மூன்று.

"பத்து" என்றார் முங்கா. "பத்துக்கு மேல போனாத்தான் லாரி. பத்துன்னா லாரி இல்ல. இன்னும் ஒரு அகப்பை இருக்கு."

ஹிதாயா அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உரல் இடித்துக் காய்த்த கை.

முங்கா எழுபதாவது அகப்பையை முக்கி எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றினார். எண்ண வேண்டியவன் நான். குனிந்தேன். எனக்குக் கண் தெரியவில்லை. கிண்ணம் தெரிந்தது, நீர் தெரிந்தது, எல்லாம் கலங்கித் தெரிந்தது. வேப்பந்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று முங்காவிடம் சொன்னேன். சௌமு அக்கா, "ஆமாமா, தூளுதான்" என்றார். ஒரு நாற்பதாம் நாளுக்கு நான் போகவில்லை. இந்த நாற்பதாம் நாளில் நின்றேன். நின்றும் எண்ண முடியவில்லை.

மற்றவர்கள் எண்ணினார்கள். படிவத்தில் எண் இருக்கிறது. ஆனால் நான் எண்ணாததை நான் எழுத மாட்டேன். எழுதி ஒரு படி கெடுத்தது போதும்.

ஆகவே நீங்கள்தான் எண்ண வேண்டும். அடுத்த பிரிவுதான் அந்தக் கிண்ணம். கூட்டுப்புழு எந்த வடிவில் இருக்கும் என்று மூன்றாம் பிரிவில் சொல்லியிருக்கிறேன். அந்த வரிகளில் ஒரு காற்புள்ளி தென்பட்டாலும் லாரி. தென்படாவிட்டால் தோட்டம். அவசரமில்லாமல் பாருங்கள், நீர் தெளியட்டும்.

10

நீலக் கிண்ணம். உள்ளே வெள்ளை. விளிம்பில் ஒரு பெயர்ந்த இடம். நீர் லேசாகக் கசப்பு மணக்கிறது. அடியில் கொஞ்சம் தூள் படிந்திருக்கிறது. ஒரு கீரை விதை மிதக்கிறது. மேலே குனிந்த முகங்களின் நிழல் விழுகிறது. பதிமூன்று வீட்டு முகங்கள். ஒரு முகத்திலிருந்து ஏதோ சொட்டியதில் சிறு வட்டம் எழுந்து அடங்குகிறது.

"தள்ளி நில்லுங்க. வெளிச்சம் வரட்டும்" என்கிறார் முங்கா.

"எண்ணுங்க" என்கிறார் ஹிதாயா அக்கா. உங்களிடம்தான் சொல்கிறார்.

எண்ணி முடித்ததும் நீரைக் கீரைக்கு ஊற்றிவிடுங்கள். கிண்ணம் உங்களிடமே இருக்கட்டும். அது யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. உங்களுடையதாகவும் இருக்கலாம். எட்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. என் வீடு பள்ளிவாசல் மரத்துக்கு எதிர்வீடு. விலுவிலுவி வீடு என்று கேட்டால் சொல்வார்கள்.

திருப்பித் தரும்போது மட்டும் காலியாகத் தராதீர்கள்.